வாயால் சொன்னதை எழுத்தில் தாருங்கள்

யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசும்போது இழப்பு, இடப்பெயர்வு, வறுமை என்பவற்றைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் பிறகு வருடக் கணக்காக அவர்களின் கால்களைத் தேய வைக்கும் ஒரு விடயம் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. அதுதான் கந்தோர் ஏறி இறங்குவது. கிராம அலுவலர், பிரதேச செயலகம், பதிவாளர் கந்தோர், கச்சேரி, வங்கி, மீண்டும் கிராம அலுவலர் என்று சுற்றிச் சுற்றி வரும் இந்த அலைச்சலுக்கு முடிவு இருப்பதாகத் தெரிவதில்லை.

இந்த அலைச்சலின் வேர் ஆவணங்களின் இழப்பில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு வீட்டைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஓடியவர்கள் கையில் அகப்பட்டதைத்தான் எடுத்தார்கள். 2004 டிசம்பரில் கடல் வந்து கரையோரத்து றங்குப்பெட்டிகளைக் கொண்டு போனது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை பிறப்புப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த தாய்மார் பலர் கடைசி நாட்களில் பங்கருக்குள் அதையும் விட்டு வந்தார்கள். பிள்ளையைத் தூக்குவதா பையைத் தூக்குவதா என்ற நிலையில் யாரும் பையைத் தூக்கமாட்டார்கள். ஆனால் பிறகு மனிக் பாமில் பதிவுக்காக வரிசையில் நின்றபோதும், மீள்குடியேறிய பின்னரும், அதிகாரிகள் முதலில் கேட்டது அந்தப் பையில் இருந்தவற்றைத்தான்.

சில இடங்களில் அரசின் பதிவுப் புத்தகங்களும் அழிந்தன. அதற்காக எந்த உத்தியோகத்தரையும் யாரும் விசாரித்ததில்லை. தன் பத்திரத்தைத் தொலைத்த பெண்தான் குற்றவாளி போல நிற்கிறாள்.

ஒரு பெண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாகரைப் பக்கத்திலோ, ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருப்பவள். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். உதவித்தொகை ஒன்றுக்கான விண்ணப்பம் என்னவாயிற்று என்று அறியப் பிரதேச செயலகம் போகிறாள். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாளே போய்விடும் என்பதால் விடியுமுன்பே சமைத்து வைத்துவிட்டுப் புறப்படுகிறாள். அன்றைய கூலி வேலையும் இல்லை. அங்கே, “பொறுப்பான ஆள் இண்டைக்கு லீவு, திங்கட்கிழமை வாங்கோ அம்மா” என்கிறார்கள். திங்கட்கிழமை போனால், “இது இஞ்ச இல்லை, ஜீ.எஸ்ஸிட்ட கேளுங்கோ” என்கிறார்கள். கிராம அலுவலரிடம் போனால், “நான் அப்பவே அனுப்பிட்டன்” என்கிறார். மூன்று நாள், மூன்று நாள் கூலி, பஸ் காசு. இவ்வளவும் நடந்த பிறகு, அந்தக் கந்தோர்களில் உள்ள எந்தக் கோவையைத் திறந்து பார்த்தாலும் அவள் வந்து போனதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. கடதாசியைப் பொறுத்தவரை அவள் வரவே இல்லை.

இதைத்தான் எம் பெண்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். கந்தோர் என்பது எழுத்தால் நடக்கும் இடம். ஆனால் எம்மை மட்டும் அது வாயால் நடத்துகிறது. எம்மிடம் கேட்பதெல்லாம் எழுத்தில் வேண்டும், மூன்று பிரதி வேண்டும், கிராம அலுவலரின் ஒப்பம் வேண்டும். எமக்குச் சொல்வதெல்லாம் வாய்ச்சொல். “இல்லை”, “கிடைக்காது”, “பிறகு வாங்கோ” என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டுப் பாருங்கள். அந்த நிமிடமே பேச்சின் தொனி மாறும். பல சந்தர்ப்பங்களில் “கிடைக்காது” என்றது “பார்ப்போம்” ஆகும். ஏனென்றால் எழுதினால் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதினால் அதை மேலே ஒருவர் வாசிக்கலாம்.

நேரே நின்று அப்படிக் கேட்கப் பலருக்குத் தைரியம் வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கும் அதே ஆளிடம்தான் போகவேண்டும் என்ற பயம் நியாயமானது. அதனால் கடிதம் எழுதிக் கொடுப்பது நல்லது. நீண்ட கடிதம் வேண்டாம். “இன்ன உதவிக்கான விண்ணப்பத்தை இன்ன திகதியில் தங்கள் அலுவலகத்தில் கையளித்தேன். அதன் தற்போதைய நிலை என்ன, தாமதத்துக்குக் காரணம் என்ன, இன்னும் தேவைப்படும் ஆவணங்கள் எவை என்பதை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்றால் போதும். கீழே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் “கிடைத்தது” என்று எழுதித் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள். மறுத்தால் வாக்குவாதப்பட வேண்டாம். தபாற்கந்தோரில் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டு அந்தப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

கடிதம் தமிழிலேயே இருக்கலாம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். கொழும்பிலுள்ள திணைக்களம் ஒன்றுக்கும் தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடி அலைந்த பெண்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தக் கடிதத்தில் “14 நாட்களுக்குள்” என்று ஒரு தவணை இருந்திருக்கும். அது முடிந்த பிறகுதான் விடயமே தெரியவரும்.

தகவல் கேட்கும் சட்டம்

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்பு எம்மிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பத்திரிகையாளருக்கும் படித்தவர்களுக்குமான சட்டம் என்றே பலர் இதை நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், உதவித்தொகைக்காக அலையும் ஒரு பெண்ணுக்குத்தான் இது மிகவும் பயன்படும்.

இந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். உங்கள் கேள்வியை அவருக்கு எழுதிக் கொடுத்தால் கிடைத்ததை உறுதிப்படுத்தி அவர் எழுத்தில் தரவேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் ஆக்குவதற்கு உதவவேண்டியதும் அவரே. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். அந்த மறுப்புக்கு எதிராக, அதே நிறுவனத்தில் இதற்கென்று குறித்தொதுக்கப்பட்ட அதிகாரியிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். சட்டத்தரணி தேவையில்லை.

கேள்வியைச் சரியாகக் கேட்பதில்தான் விடயம் இருக்கிறது. “எனக்கு ஏன் உதவி தரவில்லை?” என்று கேட்டால் அது முறைப்பாடு. அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். “எனது விண்ணப்பம் எந்தத் திகதியில் பரிசீலிக்கப்பட்டது, அதில் எழுதப்பட்ட சிபார்சு என்ன, அந்தப் பக்கத்தின் பிரதியைத் தரவும்” என்று கேட்டால் அது தகவல். அதைக் கொடுத்தே ஆகவேண்டும். விண்ணப்பம் மேலே அனுப்பப்படாமல் மேசைக்குள்ளேயே கிடந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பிறகு அது புறப்பட்டுவிடும்.

இறந்தார் என்று ஒப்பமிடுவதா?

கணவனோ மகனோ காணாமல் ஆக்கப்பட்ட பெண்களின் நிலை இவற்றிலும் கடினமானது. அவர்களிடம் கேட்கப்படுவது கடதாசி மட்டுமல்ல.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், யுத்தச் சூழலில் காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் செய்தியில்லாத ஒருவரின் மரணத்தை உறவினர் பதிவதற்கு வழி செய்தது. காணி மாற்றவும், வங்கிப் பணம் எடுக்கவும், நட்டஈடு கேட்கவும் மரண அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் சுலபம் என்று சொல்லப்பட்டது. பல பெண்கள் எடுத்தார்கள். பலர் மறுத்தார்கள். தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த கணவனை, “இறந்துவிட்டார்” என்று தானே சத்தியக்கடதாசி முடித்துக் கொடுப்பது எப்படி என்று கேட்ட பெண்ணுக்கு எந்தக் கந்தோரிலும் பதில் இருக்கவில்லை. பிள்ளையின் சாப்பாட்டையும் கணவனின் உயிரையும் ஒரே தராசில் வைக்குமாறு ஒரு மனைவியிடம் அரசு கேட்டது. இது கொடுமை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு (16ஆம் இலக்கச் சட்டம்) இன்னொரு பத்திரம் வந்தது. காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்பது அதன் பெயர். ஆள் இறந்தார் என்று அது சொல்வதில்லை. காணாமற்போயிருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது. ஆனாலும் அதை வைத்துச் சமூக நல உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலுக்கான கோரிக்கையிலும் பயன்படுத்தலாம். இதற்கான விண்ணப்பத்துக்கு முன்பு நீங்கள் செய்த முறைப்பாடுகள் உதவும். எம் தாய்மார் பொலிசுக்கும், செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும், ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஜனாதிபதி ஆணைக்குழுக்களுக்கும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். பலன் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் அந்தத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றிலுள்ள இலக்கங்களும் திகதிகளும், நீங்கள் ஆரம்பத்திலிருந்தே தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. சான்றிதழ் பற்றி அங்கு கேட்கலாம். எடுத்த சான்றிதழ் எத்தனை வருடத்துக்குச் செல்லுபடியாகும், எப்படிப் புதுப்பிப்பது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.

பணம் பற்றிய பேச்சும் இடைக்கிடை வந்தது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் இந்தச் சான்றிதழ் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா என்று அறிவித்தார்கள். 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒரு குடும்பத்துக்கு 1 இலட்சம் ரூபா என்றது, பின்னர் அது 2 இலட்சம் ஆனது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் இருந்த தாய்மாரும் அவர்களைப் பார்த்து ஏனைய மாவட்டங்களில் இருந்தவர்களும், உண்மையும் நீதியும் இல்லாத பணம் வேண்டாம் என்றார்கள். அவர்களின் முடிவுக்குத் தலைவணங்குகிறேன். அதேவேளை, பிள்ளையின் படிப்புக்காக அந்தப் பணத்தையோ மரண அத்தாட்சிப் பத்திரத்தையோ எடுத்த ஒரு பெண்ணைப் பார்த்து, “புருசனை வித்துப்போட்டாள்” என்று ஊரில் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அவள் வீட்டு அடுப்பு எமக்குத் தெரியாது.

வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை, அது சீதனக் காணியாக இருந்தாலும், விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் காணாமற்போயிருந்தால் சம்மதம் யார் தருவது? நொத்தாரிசு முடியாது என்றதும் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டத்திலேயே வழி இருக்கிறது. கணவன் எங்கே இருக்கிறார் என்று தெரியாதவிடத்து, அந்தச் சம்மதம் இல்லாமலே காணியைக் கைமாற்ற மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். இதற்குச் சட்டத்தரணி தேவைப்படும். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போகலாம்.

திருமணம் பதியாதவர்களின் பிரச்சினையும் சிறியதல்ல. யுத்த காலத்தில் பிள்ளைபிடிக்குப் பயந்து அவசரமாகக் கட்டிவைக்கப்பட்ட கலியாணங்கள் எத்தனையோ. பதிவாளர் இல்லை, பதிய வயதும் இல்லை. இன்று “நீங்கள் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கிறார்கள். பதியவில்லை என்பதால் மட்டும் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது. வழக்கப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் நிரூபிக்கும் சுமை பெண்ணின் தலையில். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பழைய குடும்ப அட்டை, கோவில் அல்லது தேவாலயப் பதிவு, தாலி கட்டியதைக் கண்டவர்களின் சத்தியக்கடதாசி ஆகியவற்றைச் சேர்க்கவேண்டும். கண்டவர்கள் வயதாளிகள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பெயரில் ஒரு எழுத்து

பிறப்புப் பத்திரத்தில் பரமேஸ்வரி, அடையாள அட்டையில் பரமேசுவரி, வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொன்று. எழுதியவர் யாரோ, அலைபவள் இவள். சமாதான நீதவானிடம் “இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே” என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்தால் அன்றைய வேலை நடக்கும். அடுத்த கந்தோர் இன்னொன்று கேட்கும். ஒரு முறை சிரமப்பட்டாலும் பதிவையே திருத்துவதுதான் நல்லது. அதுவும் வரிசைப்படி, முதலில் பிறப்புப் பதிவு, அதன்படி அடையாள அட்டை, அதன்படி வங்கிப் புத்தகம் என்று செய்யுங்கள். அடையாள அட்டையை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பிறப்புப் பத்திரத்தில் பிழை கண்டால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவேண்டும். பிறப்பே பதியாமல் போயிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நடமாடும் சேவை வருகிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள். ஒரு வருட அலைச்சல் ஒரு நாளில் முடிந்ததும் உண்டு.

சமுர்த்தியின் இடத்தில் 2023இல் அஸ்வெசும வந்தது. 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பம் ஒன்றுக்கு மாதம் 17,500 ரூபா வரை என்று அறிவிக்கப்பட்டது. யாருக்கு என்பதை வீட்டு நிலைமை, சொத்து, வருமானம் போன்றவற்றுக்கான புள்ளிகள் தீர்மானிக்கின்றன. கணக்கெடுக்க வந்தவர் என்ன எழுதினார் என்பது பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது. வெளிநாட்டு உதவியில் கட்டிய கல்வீடு ஒன்று இருக்கிறது என்பதற்காக அதற்குள் எரியாத அடுப்பு கணக்கில் வராமல் போகலாம். பட்டியல் வெளிவந்ததும் மேன்முறையீட்டுக்கு ஒரு தவணை கொடுப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள். உங்கள் வீட்டைப் பற்றி எழுதப்பட்ட விபரங்களைத் தகவல் சட்டத்தின் கீழும் கேளுங்கள். ஊரில் பொதுசன உதவிப்பணத்தை இன்னும் “பிச்சைச் சம்பளம்” என்கிறார்கள். இந்தச் சொல்லை நாமாவது விடவேண்டும். பிச்சை என்று நினைப்பவளுக்குக் கடிதம் எழுதக் கை வராது.

கடைசியாக, எல்லோரும் அறிந்தும் மெதுவாகவே பேசப்படும் ஒரு விடயம். கையொப்பத்துக்காகப் போன பெண்ணிடம் தொலைபேசி இலக்கம் கேட்பது, இரவில் அழைப்பது, “பின்னேரம் வாங்கோ, ஒருத்தரும் இருக்கமாட்டினம்” என்பது. கணவன் இல்லாத பெண் என்றால் கேட்க ஆளில்லை என்ற துணிவு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம், அரச உத்தியோகத்தர் ஒருவர் தன் கடமையைச் செய்வதற்குப் பாலியல் ரீதியான சலுகை கேட்பதையும் இலஞ்சமாகவே கொள்கிறது. காசு கேட்பதற்குச் சமமான குற்றம் அது. அவள் உடன்படவில்லை என்றாலும் கேட்டதே குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. திகதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள். இப்படியான கந்தோருக்குத் தனியே போகவேண்டாம். பெண்கள் சங்கத்தில் ஒருவர், அல்லது அதே வேலைக்காக அலையும் பக்கத்து வீட்டு அக்கா, யாராவது கூட வரட்டும். இரண்டு பேராகப் போகும்போது, ஒருவர் பேச மற்றவர் திகதியையும் உத்தியோகத்தரின் பதவியையும் சொன்ன பதிலையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கலாம்.